புழக்கடையில் ஒரு நீச்சல் குளம்: எலப்புள்ளியில் போட வேண்டிய கணக்கு

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் பாலக்காட்டின் கிழக்குப் பகுதியில் உள்ள வங்கிக் கிளைகளுக்கு வருவோரின் தேவைகள் மாறுகின்றன. அதுவரை பயிர்க்கடனும் நகைக்கடனும் பேசியவர்கள் குளிர்சாதனம், இன்வெர்ட்டர் என்று பேசத் தொடங்குகின்றனர். அண்மைக் காலமாக அந்த வரிசையில் புதிய பொருளொன்று சேர்ந்திருக்கிறது. தரையைத் தோண்டாமல், புழக்கடையில் கொண்டுவந்து நிறுத்தி, நீர் நிரப்பிக் குளிக்கும் நீச்சல் குளம் அது. துபாயிலும் பெங்களூரிலும் வாழும் பிள்ளைகள் கோடை விடுமுறைக்குக் குடும்பத்துடன் வருவார்கள்; பேரக்குழந்தைகள் வெயிலில் வாடக்கூடாது என்பது தாத்தா பாட்டியின் கவலை. அவர்கள் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எது நீடித்து உழைக்கும்?"

கடைக்காரரிடம் கேட்டால் குழாயின் தடிமனையும் விரிப்பின் அடுக்குகளையும் சொல்வார். அவை முக்கியமே. ஆயினும் எலப்புள்ளி போன்ற ஊரில் ஒரு குளத்தின் ஆயுளைத் தீர்மானிப்பவை வேறு மூன்று: அதில் நிரப்பும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அது நிற்கும் மண் எத்தகையது, கிழிந்தால் ஒட்டித் தர அக்கம்பக்கத்தில் ஆள் உண்டா என்பவை. பணத்தை எண்ணிவைக்கும் முன் இம்மூன்றையும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

எலப்புள்ளியை அறியாத வாசகர்களுக்காகச் சில சொற்கள். பாலக்காட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறை வழியாகப் பொள்ளாச்சிக்குச் செல்லும் சாலையில் உள்ள ஊர் இது. ஒரே தேநீர்க் கடையில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும். நெல்வயல்களின் வரப்புகளில் கரும்பனைகள் நிற்கும். மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளிவிட்டு வழிகொடுக்கும் பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் இருப்பதால் காற்றுக்குக் குறைவில்லை. அதுவும் மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்று. கேரளம் என்றதும் மழைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். இம்மாவட்டத்தின் கிழக்கு விளிம்புக்கு அந்த மழை முழு அளவில் வந்து சேர்வதில்லை. 2024 ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டில் வெப்பநிலை 41 டிகிரி செல்சியஸைக் கடந்து, வெப்ப அலை எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

தண்ணீர் இங்கே வெறும் பயன்பாட்டுப் பொருள் அன்று. பேச்சின் மையப் பொருள். சித்தூர் வட்டத்துப் பிளாச்சிமடையில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய குளிர்பான ஆலை, நிலத்தடி நீரைக் குறித்த மக்கள் போராட்டத்துக்குப் பின் 2004இல் மூடப்பட்டது. எலப்புள்ளியிலேயே மதுபான ஆலை ஒன்றுக்கு 2025 ஜனவரியில் கேரள அமைச்சரவை முதற்கட்ட அனுமதி அளித்தபோதும், ஊரில் முதலில் எழுந்த கேள்வி "தண்ணீருக்கு எங்கே போவார்கள்?" என்பதுதான். அந்த விவாதங்களுக்குள் நான் போகப் போவதில்லை. அத்தகைய ஊரில் புழக்கடைக் குளத்துக்கும் அதே கேள்வி பொருந்தும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

தண்ணீர்க் கணக்கு

பெரும்பாலோர் விசாரிப்பது 12 அடி விட்டமும் இரண்டரை அடி உயரமும் உள்ள வட்டக் குளத்தை. அதை வழக்கமான அளவுக்கு நிரப்ப ஏறத்தாழ 6,500 லிட்டர் வேண்டும். ஊரக வீடுகளுக்கு ஜல் ஜீவன் திட்டம் வகுத்துள்ள அளவு ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். அதன்படி நால்வர் உள்ள குடும்பம் ஒரு மாதம் புழங்கும் தண்ணீர் ஒரே நாளில் குளத்துக்குள் போகிறது. 15 அடி விட்டமும் நான்கடி உயரமும் உள்ள பெரிய குளமென்றால் 17,000 லிட்டர் அளவுக்குத் தேவைப்படும். அதே குடும்பத்தின் இரண்டரை மாதத் தண்ணீர் அது. விட்டத்தில் மூன்றடியும் உயரத்தில் ஒன்றரை அடியும் கூடுவது கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றாது. தண்ணீர் மட்டும் இரண்டரை மடங்காகிவிடுகிறது.

நிரப்பியதோடு முடிவதில்லை. கோடையில் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், 12 அடிக் குளத்திலிருந்து தினமும் 63 லிட்டர் காற்றோடு போகும். ஏப்ரல், மே இரண்டு மாதங்களில் குளத்தின் பாதிக்கும் மேல் மறுபடியும் ஊற்ற வேண்டும். குளித்து முடித்ததும் மேல்விரிப்பால் மூடும் வீடுகளில் இந்த இழப்பு வெகுவாகக் குறையும். ஆகவே மேல்விரிப்பை இலவச இணைப்பாகக் கருதாமல் குளத்தின் ஓர் உறுப்பாகவே கருத வேண்டும். விலைப்பட்டியலில் அது தனியாகப் போடப்பட்டிருந்தால் அதையும் சேர்த்தே ஒப்பிடுங்கள்.

கிணறு மே மாதத்திலும் வற்றாத வீடு என்றால் அச்சமில்லை. லாரித் தண்ணீரை நம்பிக் குளம் வாங்குவது, கடனை நம்பி வட்டி கட்டுவதற்கு ஒப்பாகும். ஆழ்துளைக் கிணற்று நீரிலும் ஒரு சிக்கல் உண்டு. கிழக்குப் பாலக்காட்டில் பல இடங்களில் அது கடினநீர். ஃபுளோரைடு கலந்த இடங்களும் உள்ளன. கடினநீர் விரிப்பின்மேல் வெள்ளைப் படலமாகப் படியும், வடிகட்டியை அடைக்கும், சிறிய பம்பின் ஆயுளைக் குறைக்கும்.

இதற்கு நான் காணும் நல்ல வழி காலத்தை மாற்றுவது. நூறு சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர். சேதாரம் ஐந்தில் ஒரு பங்கு போக 800 லிட்டர் கிடைக்கும். ஆனி, ஆடியில் எட்டு நல்ல மழை போதும், 12 அடிக் குளம் நிறைந்துவிடும். முதல் மழையின் தூசி நீரை வெளியே விட்டுவிட்டு, வடிகட்டிப் பிடிக்க வேண்டும். அவ்வாறு நிரப்பிய குளத்தை ஓண விடுமுறையில் பயன்படுத்தலாம். ஓணத்துக்கு வரும் பேரக்குழந்தைகளும் அதே பேரக்குழந்தைகள்தாமே! ஏப்ரலில்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்போர் மிகச் சிறிய அளவோடு நிறுத்திக்கொள்வது அண்டை வீட்டுக் கிணற்றுக்கும் நல்லது.

எந்த வகை, எத்தனை கோடைகள்?

சந்தையில் கிடைப்பவற்றில் மிக மலிவானது, மேல்விளிம்பில் காற்றடைத்த வளையம் கொண்ட வகை. நீர் ஏற ஏற வளையம் தானே மேலெழுந்து சுவரை நிறுத்தும். அமைப்பது எளிது, கிழிவதும் எளிது. நாயின் நகமோ ஒரு பனங்கருக்கோ போதும். இதை ஓரிரு கோடைக்கான பொம்மையாக எண்ணி வாங்கினால் ஏமாற்றமிராது.

அடுத்தது இரும்புக் குழாய்ச் சட்டக வகை. நம் ஊரில் அதிகம் விற்பது இதுவே. மூன்றடுக்கு பி.வி.சி. விரிப்பின் நடுவில் பாலியெஸ்டர் வலை இருக்கும். துத்தநாகமோ பவுடர் பூச்சோ பூசிய குழாய்கள் அதைத் தாங்கும். வாங்குவோர் விரிப்பையே தடவிப் பார்க்கிறார்கள். முதலில் பழுதாவது பெரும்பாலும் குழாய்கள் சேரும் இணைப்பு முனைகளே. அங்கே பூச்சு உரசிப்போகும், நீர் தேங்கும், துரு உள்ளிருந்து கிளம்பும். எனவே இணைப்பு முனைகளும் பம்பும் தனியாக உதிரிப் பாகங்களாகக் கிடைக்குமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். உதிரிப் பாகம் கிடைக்காத பொருளுக்கு இரண்டாண்டு உத்தரவாதம் என்பது காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

நெளிவுத் தகட்டுச் சுவரும் கழற்றி மாற்றக்கூடிய வினைல் உள்விரிப்பும் கொண்ட வகைதான் வெளிநாடுகளில் பல்லாண்டுகள் நிற்கிறது. தகடு நிற்க, விரிப்பை மட்டும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். அதே பொருளை இங்கே வாங்கினால் மாற்று விரிப்பு கடல் கடந்து வரவேண்டியிருக்கலாம். அங்கே நீடித்து உழைப்பது இங்கேயும் உழைக்கும் என்று சொல்ல முடியாததற்கு இதுவே காரணம். உப்பு நீரிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவிகளையும் சிலர் பரிந்துரைக்கின்றனர். இரும்புச் சட்டகத்துக்கு உப்பு பகை. வடித்துவிடும் நீர் வாழைக்கும் காய்கறிப் பாத்திக்கும் ஆகாது. எலப்புள்ளிக்கு அது வேண்டாம்.

வட்டமா செவ்வகமா என்ற கேள்வியும் வரும். வட்டமே உறுதி. நீரின் அழுத்தம் வட்டச் சுவரில் எல்லாப் பக்கமும் சமமாக இழுவிசையாகப் பரவும். வண்டிச் சக்கரத்துக்குப் போடும் இரும்புப் பட்டையைப் போல் சுவர் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். செவ்வகத்தின் நீண்ட பக்கம் வெளியே பிதுங்கப் பார்க்கும். அதற்குச் சாய்வுத் தாங்கிகள் வேண்டும். விளம்பரப் படத்தில் செவ்வகமே அழகாக இருக்கிறது என்பதை மறுக்கவில்லை.

நான் மிகவும் பரிந்துரைக்கும் வகை எந்த விளம்பரத்திலும் இல்லை. 2020ஐ ஒட்டி, வீட்டிலேயே மீன் வளர்க்கும் பயோஃபிளாக் முறை கேரளமெங்கும் பரவியது நினைவிருக்கலாம். கம்பி வலையை வட்டமாக நிறுத்தி, உள்ளே தடித்த பி.வி.சி. தார்ப்பாயைப் பொருத்திய தொட்டிகள் அவை. அதற்காகக் கடன் கொடுத்த கிளைகளில் நாங்களும் உண்டு. பொதுவாகவே அத்தொட்டிகள் பல இன்று மீனின்றி நிற்கின்றன. அமைப்பு முறையில் அதுவும் ஒரு தரைமேல் குளந்தான். சதுர மீட்டருக்கு 550 கிராமோ அதற்கு மேலோ எடையுள்ள தார்ப்பாயும், துத்தநாகம் பூசிய கம்பி வலையும் கொண்டு அதைச் செய்து தருவோரும், கிழிந்தால் சூடான காற்றால் ஒட்டித் தருவோரும் அருகிலேயே இருக்கின்றனர். தார்ப்பாயை மட்டும் மாற்றினால் வலை இன்னும் பல ஆண்டுகள் நிற்கும். மீன் வளர்த்த பழைய விரிப்பிலேயே குழந்தைகளை இறக்கக் கூடாது. விரிப்பு புதிதாக இருக்கவேண்டும். கம்பி முனைகளை வெளிப்புறம் மடக்கி, உட்புறம் முழுவதும் தடித்த பஞ்சுத் துணியோ ஃபோம் தகடோ வைத்த பிறகே விரிப்பைப் போடவேண்டும்.

இன்னும் நீண்ட காலம் நினைப்பவர்கள் ஃபைபர் தொட்டியையோ, தோப்பில் மோட்டாருக்கு அருகே கட்டுவது போன்ற சிமென்ட் தொட்டியையோ பார்க்கலாம். பின்னது கிணற்றுப் பாசனக் குடும்பங்களுக்குப் புதிதன்று. மூன்று தலைமுறையாகப் பிள்ளைகள் மோட்டார்த் தொட்டியில்தான் நீந்தக் கற்றார்கள்.

மண்ணும் பாரமும்

நீரின் எடை லிட்டருக்கு ஒரு கிலோ. மேலே சொன்ன 12 அடிக் குளம் ஆறரை டன் பாரம், அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 620 கிலோ. மொட்டை மாடியில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு இந்த எண்ணே விடை. மக்கள் நடமாடும் மாடித் தளத்துக்கு இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 கணக்கிடும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். மாடியில் வைக்காதீர்கள். செப்டிக் தொட்டியின் மூடிமேலும் கிணற்றின் ஓரத்திலும் கூடாது.

தரையிலும் மட்டம் முக்கியம். ஒரு பக்கம் இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தால் பாரம் அப்பக்கம் சாயும். சட்டகம் நாளடைவில் கோணும். மேட்டை வெட்டித்தான் சமன் செய்யவேண்டும். பள்ளத்தில் புது மண் கொட்டினால் அது நீரின் பாரத்தில் அமுங்கிவிடும். கொத்தனாரின் டியூப் மட்டம் இதற்குப் போதும். சித்தூர்ப் பக்கம் கரிசல் மண் உள்ள தோட்டங்களில் கோடையில் வெடிப்பும் மழையில் உப்பலும் இருப்பதால் மணல் படுகை இன்னும் கனமாக வேண்டும். கோரைப் புல்லைக் குறைத்து எண்ண வேண்டாம். அதன் கூர்முளை வினைல் விரிப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே தலைகாட்டும். கிழங்கோடு தோண்டி எடுத்துவிட்டே மணல் பரப்ப வேண்டும். தென்னைக்கும் பனைக்கும் கீழே இடம் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கடன் ஆவணங்களைப் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் ஒரு செய்தி. கேரளத்து வருவாய்ப் பதிவேடுகளில் உங்கள் இடம் 'புரையிடம்' என்று இருக்கிறதா, 'நிலம்' என்று இருக்கிறதா என்பதைப் பாருங்கள். பின்னது நெல்வயலைக் குறிக்கும். 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை மண்ணிட்டு மேடாக்குவது குற்றம். வீட்டின் பின்புறத்தில் ஒரு துண்டு 'நிலம்' சேர்ந்திருப்பது இப்பகுதியில் அரிதன்று. குளத்துக்காக அதை நிரவினால் நாளை வீட்டுக் கடனுக்கு வரும்போது அது ஒரு சிக்கலாக வந்து நிற்கும்.

குழந்தைகள்

இப்பகுதியை நான் மிகுந்த அழுத்தத்துடன் எழுதுகிறேன். 2025 ஜூலையில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், பெஸ்ட்வே, இன்டெக்ஸ், பாலிகுரூப் ஆகிய மூன்று நிறுவனங்களின் நான்கடியும் அதற்கு மேலும் உயரமுள்ள ஏறத்தாழ 50 லட்சம் தரைமேல் குளங்கள் திரும்ப அழைக்கப்படுவதாக அறிவித்தது. சட்டகக் கால்களை இறுக்கிப் பிடிக்கும் பட்டை வெளிப்புறமாகச் சுற்றிச் சென்றது. சிறு குழந்தைகள் அதைப் படியாக மிதித்து ஏறி உள்ளே விழுந்தனர். ஒன்பது குழந்தைகள் இறந்ததாக ஆணையம் தெரிவித்தது. ஏணியை எடுத்து வைத்துவிட்டால் போதும் என்று எண்ணிய வீடுகளாகவும் அவற்றில் சில இருந்திருக்கலாம்.

எனவே வாங்கும்போது குளத்தின் வெளிப்புறத்தைச் சுற்றிவந்து, மூன்று வயதுக் குழந்தையின் கால் பதியக்கூடிய பட்டை, குறுக்குக் குழாய், பம்புப் பெட்டி ஏதேனும் உண்டா என்று பாருங்கள். கம்பி வலைத் தொட்டியில் வலையே ஏணிதான். வெளிப்புறத்தை வழுவழுப்பான தகட்டால் மறைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நான்கடி உயர வேலியும் தானே மூடிக்கொள்ளும் கதவும் வேண்டும். நம் ஊரில் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் கேட்காமலே உள்ளே வருவார்கள். அது நம் ஊரின் அழகும்கூட. வேலிக்குப் பணமில்லை என்றால் குளத்துக்கும் பணமில்லை என்றே கொள்ள வேண்டும்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. 2024, 2025 ஆண்டுகளில் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் பலரைத் தாக்கியது, உயிரிழப்புகளும் நேர்ந்தன. வெதுவெதுப்பான தேங்கிய நீரே நெக்லேரியா போன்ற அமீபாவுக்கு ஏற்ற இடம். அந்நீர் மூக்கின் வழியே ஏறும்போதுதான் நோய் வருகிறது. பாலக்காட்டு வெயிலில் குளோரின் இல்லாமல் ஒரு வாரம் கிடக்கும் குளம் எத்தகையது என்பதை இதிலிருந்து அறியலாம். நீரில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரின் எப்போதும் இருக்க வேண்டும். அமில காரத் தன்மை 7.2 முதல் 7.8க்குள் நிற்க வேண்டும். 6,500 லிட்டர் நீரில் 2 மில்லிகிராம் அளவு சேர்க்க, 33 சதவீத வலிமையுள்ள புதிய பிளீச்சிங் பவுடர் ஏறத்தாழ 40 கிராம் போதும். வாளி நீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்தெளிவை மட்டும் மாலையில் ஊற்றுங்கள். பகல் வெயில் குளோரினை விரைவில் அழித்துவிடும். நாள்தோறும் சோதிக்கும் காகிதப் பட்டைகள் மலிவானவை. கண்ணால் பார்த்துத் 'தெளிவாகத்தானே இருக்கிறது' என்று முடிவு செய்யாதீர்கள்.

பம்புக்கு 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தப்பட்ட இணைப்பு கட்டாயம். சித்திரை மாலைகளில் இடி முழங்கினால் அனைவரும் வெளியேற வேண்டும்.

எப்படி வாங்குவது?

ஓர் எடுத்துக்காட்டு. 15,000 ரூபாய்க் குளம் இரண்டு கோடைக்கு உழைத்தால் கோடைக்கு 7,500 ரூபாய். 60,000 ரூபாய்க் குளம் எட்டுக் கோடைக்கு உழைத்து, நடுவில் 20,000 ரூபாய்க்கு ஒருமுறை விரிப்பு மாற்றினால் கோடைக்கு 10,000 ரூபாய். விலை உயர்ந்தது எப்போதும் சிக்கனமானது என்று சொல்ல முடியாது என்பது இதில் தெரிகிறது. ஐந்தாம் கோடையிலும் குழந்தைகள் அதில் இறங்குவார்களா என்பதே தீர்மானிக்கும். மூத்த பேரனுக்கு இப்போது பன்னிரண்டு வயது என்றால் சிறியதையே வாங்குங்கள்.

60,000 ரூபாயை 12 சதவீத வட்டியில் ஓராண்டுத் தவணையில் கட்டினால் மாதம் 5,331 ரூபாய். மொத்த வட்டி நான்காயிரத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டாண்டாக நீட்டினால் மாதத் தவணை 2,824 ரூபாயாகக் குறையும். வட்டி ஏறத்தாழ 7,800 ரூபாயாகும். பொருளின் ஆயுளைவிடத் தவணையின் ஆயுள் நீளக் கூடாது. கிழிந்துபோன குளத்துக்கு மாதந்தோறும் பணம் கட்டுவது வேதனையானது. 'வட்டியில்லாத் தவணை' என்ற விளம்பரத்தைக் கண்டால், முழுத் தொகையையும் உடனே கொடுத்தால் என்ன விலை என்று கேளுங்கள். பூஜ்ய வட்டி என்ற ஒன்று உண்மையில் இல்லை என்பதை ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் சுற்றறிக்கை வழியே வங்கிகளுக்கு உணர்த்தியது. வட்டி, விலையிலோ கட்டணத்திலோ ஒளிந்திருக்கும்.

கடன் வாங்குவதைக் காட்டிலும் தொடர் வைப்பில் சேர்த்து வாங்குவதையே நான் சொல்வேன். இந்த ஓணம் முடிந்ததும் மாதம் 5,000 ரூபாய் வீதம் தொடங்கினால் அடுத்த ஆனி மழைக்குள் 50,000 ரூபாய் அளவுக்குச் சேரும்; குளத்தையும் வேலியையும் ஒருசேர முடிக்கலாம். கூரைத் தண்ணீரில் நிரப்பி, ஓணத்துக்கு அனைவரும் குளித்து, கார்த்திகை பிறந்ததும் குளோரின் போடுவதை நிறுத்தி நாலைந்து நாள் வெயிலில் விட்டுவிடுங்கள். பிறகு தென்னைக்குத் திருப்பலாம். வளர்ந்த தென்னை ஒன்றுக்கு ஒரு பாய்ச்சலுக்கு 200 லிட்டர் என்று கணக்கிட்டால், 6,500 லிட்டர் முப்பத்திரண்டு மரங்களுக்கு ஒரு தண்ணீர். அதன்பின் விரிப்பைக் கழுவி, நிழலில் முழுக்க உலர்த்தி, மடிப்புகளில் டால்கம் பவுடர் தூவி, எலி ஏறாத பரணில் வையுங்கள்.